சந்தியில் நின்றுவிட்ட பெயர்
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நடந்து வந்த பாதை

பலாலி வீதியால் செல்வோர் இன்றும் 'பரமேஸ்வராச் சந்தி' என்றே சொல்கின்றனர். அச்சந்திக்குப் பெயர் தந்த கல்லூரியோ மறைந்து பல்லாண்டுகளாகிவிட்டன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் மண்ணிலேதான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எழுந்து நிற்கின்றது. அவர் எழுப்பிய சிவன் கோவில் வளாகத்தினுள் இன்றும் உள்ளது.

உயர்கல்வி யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடக்கிய செமினரி, ஆசியாவின் பிற நகரங்கள் பலவற்றிற்கு முன்னரே மேல்நாட்டு விஞ்ஞானத்தைக் கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதற் பட்டத் தேர்விற் சித்தியெய்திய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கு படித்தவர்களே. ஆயினும் அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டுவிட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, பட்டம் பெற விரும்பிய யாழ்ப்பாணத்தான் கடலையோ வன்னிக் காட்டையோ கடந்தே ஆகவேண்டியிருந்தது.

தமிழருக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரல் 1950களில் வலுத்தது. வலுத்த குரல் உடனே இரண்டாகவும் பிரிந்தது. திருகோணமலையே தகுந்த இடம் எனத் தமிழரசுக் கட்சியினர் வாதிட்டனர். யாழ்ப்பாணமே வேண்டும் என மற்றொரு சாரார் நின்றனர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் இடத்தைப் பற்றிய வழக்கிலேயே காலம் கழிந்தது. நம்மவரின் பழைய வியாதி இது!

இதற்கிடையே 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. மொழிவாரியாகப் புள்ளிகள் திருத்தப்பட்டன. பின்னர் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 1969இல் பொறியியற் பீடத்திற் புகுந்தோரில் ஏறக்குறைய அரைவாசியினர் தமிழர். 1974இல் அது ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே வீழ்ந்தது. ஒரு தலைமுறையின் சினத்திற்கு அடிப்படையாயிருந்தவற்றுள் இது முதன்மையானது என்பதை இதனை வாசிக்கும் பலருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சூழ்நிலையிலேதான், 1974ஆம் ஆண்டு ஒக்ரோபர் 6ஆம் நாள், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா திறந்துவைத்தார். அதே ஆண்டு ஜனவரியிலேதான் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் யாழ்நகரில் உயிர்கள் பலியாகியிருந்தன. ஆறாத புண்ணின் மேல் வைக்கப்பட்ட பரிசாகவே பலர் வளாகத்தைக் கண்டனர். ஏற்பதா, மறுப்பதா என்ற வாதம் கடுமையாக நடந்தது. ஏற்றது சரியே என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

முதல் வளாகத் தலைவராகப் பேராசிரியர் க. கைலாசபதி நியமிக்கப்பட்டார். பத்திரிகை ஆசிரியராக இருந்து, பேர்மிங்காமில் ஆய்வு செய்து, தமிழ் வீரயுகக் கவிதையை உலகறியச் செய்தவர். கலை வகுப்புகள் திருநெல்வேலியிலும் விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையிலுமாகத் தொடங்கின. 1975இல் மருதனார்மடத்து இராமநாதன் இசைக்கல்லூரி இணைந்தது. 1978இல் மருத்துவ பீடம் வந்தது. தொடக்க ஆண்டுகளிற் சிங்கள மாணவரும் இங்கு படித்தனர் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 1977ஆம் ஆண்டு வன்செயல்களின்போது அவர்கள் வெளியேறினர்.

1979 ஜனவரி 1ஆம் நாள் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. முதற் துணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். நாட்டுக்கூத்தை மேடையேற்றி மதிப்புப் பெறச் செய்த அவரே அந்தத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவருமாவார். அவருடைய காலத்தில், 1980இல், பல்கலைக்கழக ஆய்வாளர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது பெருங்கற்காலப் புதைகுழியில் எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. தம் காலடி மண்ணின் தொன்மையைத் தாமே தோண்டிக் காண ஓர் ஊருக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பின்னர் வந்தது போர். 1987 ஒக்ரோபரில் இந்தியப் படையினர் உலங்குவானூர்தியிலிருந்து வளாகத்து மைதானத்தில் இறங்க, அம்மைதானமே போர்க்களமாயிற்று. 1989 செப்ரெம்பரில் உடற்கூற்றியல் துறைத் தலைவி ரஜனி திராணகம வளாகத்திலிருந்து வீடு திரும்பும் வழியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, திரியிட்டு, அந்த வெளிச்சத்தில் மாணவர் பாடம் படித்தனர். பேராசிரியர் அ. துரைராஜா அப்போது துணைவேந்தர். கேம்பிரிட்ஜில் மண்பொறிமுறை ஆய்ந்து உலகப் புகழ் பெற்ற அவரை, துவிச்சக்கரவண்டியில் வந்துபோன துணைவேந்தர் என்றே அக்கால மாணவர் நினைவுகூருவர். வெளிநாட்டிற் பெரும் பதவிகளை அவர் எளிதில் ஏற்றிருக்கலாம். 1990இல் கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது அவருடைய காலத்திலேதான். 1994 யூனில் அவர் மறைந்தார்.

மறு ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது பல்கலைக்கழகமும் அகதியாயிற்று. ஆசிரியரும் மாணவரும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்தக் கூட்டத்தினுள்ளேயே இருந்தனர். 1996இல் திரும்பி வந்து விரிவுரைகளை மீண்டும் தொடங்கினர். மூடிவிடுவதற்குக் காரணங்கள் ஏராளமாயிருந்தும் மூடாமல் நடத்தியமையே இந்நிறுவனத்தின் பெருஞ்சாதனை. கட்டடங்களின் எண்ணிக்கையை அதன்பின்தான் சொல்லவேண்டும்.

1997இல் வவுனியாவில் ஒரு வளாகம் அமைந்தது. அது 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்துப் போயிற்று. அதே 2021இன் ஜனவரியில், திருநெல்வேலி வளாகத்தினுள் மாணவர் எழுப்பியிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதமிருந்தனர், உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது.

பொறியியற் பீடம்? எதன் பொருட்டு 1970களிற் பிள்ளைகள் கண்ணீர் விட்டனரோ, அந்தப் பீடம் நெடுங்காலத்தின் பின்னரே வந்தது. 2013இல், போர் ஓய்ந்து நான்கு ஆண்டுகளின் பின், கிளிநொச்சி அறிவியல்நகரில் அது நிறுவப்பட்டது. தரப்படுத்தலால் இடமிழந்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்களுக்கு அப்போது அறுபது வயது நெருங்கியிருந்தது. இன்று அவ்வகுப்புகளில் தமிழ் மாணவரோடு தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒரே வாங்கில் அமர்ந்து ஆங்கிலத்தில் பாடம் கேட்கின்றனர்.