மாற்றத்துக்கு இடந்தரும் இயல்புநிலை

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ தமிழில் இயங்கவேண்டிய கணனித் திரையொன்றை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள பொத்தானின் அகலத்தையும் எழுத்துருவையும் நிறத்தையும் ஆக்கியோர் முன்னரே வகுத்துவிடுகின்றனர். இத்தகைய இயல்புநிலை தேவையானதே. அது எவ்விடத்தில் எழுதப்படுகின்றது என்பதே வினா.

மைக்ரோசொப்ட் 2006இல் வெளியிட்ட டபிள்யூ.பி.எப். என்னும் இடைமுகக் கட்டமைப்பில் இதற்கு இரு வழிகள் உள. அகலத்தைப் பொத்தானின் ஆக்க நிரலிலேயே நேரடியாக எழுதினால், அப்பெறுமானம் பயன்படுத்துவோர் பின்னர் தரும் பாணியை வென்றுவிடும். 'சேவ்' என்னும் நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் 'சேமிக்குக' வெட்டுண்டு நிற்கும். 'ஜெனரிக்' என்னும் பொதுப் பாணிக் கோப்பில் எழுதினாலோ, அகலத்தை மட்டும் மாற்றலாம். ஏனையவை இயல்புநிலையில் நிலைக்கும்.

மலையகத்தார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே எழுதிவைத்தது. 1988இன் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தம், வடக்கு கிழக்குக்கு வெளியே சிங்களத்தையே நிருவாக மொழியாக வைத்தபோதும், பிரிவொன்றின் மொழிச் சிறுபான்மையினரது விகிதாசாரத்தைக் கருத்திற்கொண்டு இருமொழிகளையும் பயன்படுத்துமாறு சனாதிபதி பணிக்கலாம் என வழிவிட்டது. 1999இல் நுவரெலியா, அம்பகமுவ உள்ளிட்ட பிரிவுகள் அவ்வாறு பிரகடனஞ் செய்யப்பட்டன.

எனினும், மாற்ற இடந்தருவது ஒரு கடன். மாற்றத்தை எழுதிமுடிப்பது பிறிதொரு கடன். பிரகடனம் இருந்தும் தமிழ்ப் படிவம் இல்லாதவிடத்து, தோட்டத் தொழிலாளியின் முன் எஞ்சுவது வெட்டுண்ட பொத்தானே என்போம்.