கொக்கி பிடுங்கிய கதவு

படுக்கையறைக் கதவின் நடுவில் ஒரு கொக்கியைத் திருகி, பேத்தியின் புத்தகப் பையை மாட்டினோம். மூன்றாம் மாதம் கொக்கி பையோடு தரைக்கு வந்துவிட்டது. கதவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. அதே கதவின் கீல்களோ எட்டு வருஷமாக முழுக் கதவையும் சுமந்துகொண்டு அசையாமல் நிற்கின்றன.

தச்சர் வந்து விரலை மடக்கி இரண்டு இடத்தில் தட்டினார். "நடுவுல வெறும் கூடுதான் சார். திருகு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? கீல் பக்கம் மரச்சட்டம் ஓடுது. பூட்டு வர்ற இடத்துலயும் உள்ள ஒரு கட்டை வெச்சிருப்பாங்க."

விமானம் கட்டுகிறவர்களும் செயற்கைக்கோள் கட்டுகிறவர்களும் மண்டையை உடைத்துக்கொள்கிற விஷயம் இதுதான். இரு பக்கமும் மெல்லிய, விறைப்பான தோல். நடுவே எடையே இல்லாத ஏதோ ஒன்று. அது பால்சா மரமாக இருக்கலாம், நுரையாக இருக்கலாம், அலுமினியத் தகட்டிலோ பிசின் ஊறிய காகிதத்திலோ செய்த தேன்கூடாக இருக்கலாம். இதற்கு சாண்ட்விச் பேனல் என்று பெயர். பலகை வளையும்போது ஒரு தோல் இழுபடுகிறது, இன்னொன்று நசுங்குகிறது. நடுவில் இருப்பதன் முக்கிய வேலை, அந்த இரண்டையும் நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துவது. ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து, இடையே தேன்கூடு வைத்து மொத்தக் கனத்தை இரு மடங்காக்கினால் விறைப்பு சுமார் 7 மடங்காகிறது. நான்கு மடங்காக்கினால் சுமார் 37 மடங்கு. கூடும் எடையோ நூற்றுக்கு மூன்று, ஆறு என்ற அளவுதான். இவ்வளவு மலிவான பேரம் பொறியியலில் அபூர்வம்.

பேரத்தின் மறுபக்கம் பலகையை இன்னொன்றோடு சேர்க்கும்போதுதான் தெரியும். போல்ட்டைப் போட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் கூடு அப்பளமாக நொறுங்குகிறது. முறுக்காமல் விட்டால் ஆடுகிறது. அதனால் போல்ட் வரும் இடத்தில் கூட்டைக் குடைந்தெடுத்து, பிசின் கலவை ஊற்றி, அதில் ஓர் உலோகக் குப்பியைப் பதித்து இறுகவிடுகிறார்கள். போல்ட் அந்தக் குப்பியைப் பிடிக்கும். குப்பி பிசினைப் பிடிக்கும். பிசின் சுமையை இரு தோலுக்கும் பரப்பும். இரண்டு பலகைகள் செங்கோணத்தில் சந்திக்கிற மூலையில், படகு கட்டுகிறவர்கள் உட்புறம் பிசினைக் குழைத்து வளைவாக வழித்துவிட்டு, மேலே கண்ணாடி இழைப் பட்டையை ஒட்டுவார்கள். அந்த வளைவு அழகுக்காக அல்ல. கூரான மூலையில் சுமை ஒரே கோட்டில் குவியும், வளைவில் பரவும்.

பசைக்கும் ஒரு குணம் உண்டு. செல்லோ டேப்பை மேசையில் ஒட்டி, படுக்கை வாட்டில் இழுத்துப் பாருங்கள், லேசில் வராது. நுனியை நகத்தால் கிளப்பி மேல்நோக்கி இழுத்தால் வழவழவென்று உரிந்து வந்துவிடும். பலகைகளை ஒட்டுகிறவர்களின் சாமர்த்தியமெல்லாம், சுமை படுக்கை வாட்டிலேயே வரும்படி, நுனி ஒருபோதும் கிளம்பாதபடி இணைப்பை அமைப்பதில்தான்.

இந்தப் பாடத்தை உலகப்போர்க் காலத்திலேயே படித்த விமானம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் கட்டிய மொஸ்கிட்டோ, 1940 நவம்பர் 25-ல் முதன்முதலில் பறந்தது. கனடாவின் பிர்ச் மர ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே ஈக்வடாரின் பால்சாவை வைத்து ஒட்டிய அதன் உடற்சுவரின் கனம் வெறும் 11 மில்லிமீட்டர். உடலை இடது, வலது என்று இரண்டு பாதியாக அச்சில் செய்வார்கள். பாதிகள் திறந்து கிடக்கும்போதே உள்ளே கம்பிகளையும் குழாய்களையும் பொருத்திவிட்டு, பிறகு நிலக்கடலைத் தோட்டைத் திரும்ப மூடுவதுபோல இரண்டையும் சேர்த்து ஒட்டுவார்கள். திறப்புகளின் ஓரம்போல வலு வேண்டிய இடங்களில் பால்சாவை எடுத்துவிட்டுக் கெட்டி மரம் வைத்தார்கள். என் கதவுக்குள் இருக்கும் பூட்டுக் கட்டையின் பெரியப்பா அது.

ஆரம்பத்தில் ஒட்டியது பாலிலிருந்து எடுத்த கேசின் பசையால். ஈரமும் பூஞ்சையும் அதற்கு ஆகாது. பின்னர் நார்மன் டி புருயின் என்பவர் டக்ஸ்ஃபோர்டில் உருவாக்கிய ஏரோலைட் என்ற செயற்கைப் பசைக்கு மாறினார்கள். 1944 நவம்பரில் இந்தியா, பர்மா பக்கம் மொஸ்கிட்டோக்கள் சில விழுந்து நொறுங்கின. இறக்கையின் மேல்தோல் உள்ளே ஓடும் உத்தரத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தது. நிறுவனத்தின் தரப்பில் இந்தியாவுக்கு வந்த ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட், பசைமேல் தப்பில்லை, மழைக்கால ஈரத்தில் மரம் உருமாறியதுதான் காரணம் என்று அறிக்கை கொடுத்தார். ஆனால் இங்கிலாந்திலேயே நடந்த பின்னாளைய ஆய்வில், மழைக்காலத்தைக் கண்ணாலும் காணாத விமானங்களிலும் அதே கோளாறுகள் இருந்தன. ஒட்டிய விதமே சரியில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். விமான அமைச்சகமோ பருவநிலை என்ற விளக்கத்தையே பிடித்துக்கொண்டது. தொழிற்சாலையைவிட நம் ஊர் மழையைக் குறைசொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது! தீர்வாகச் செய்தது என்ன? இறக்கையின் தோல் இணைப்பின் நீளம் முழுக்க ஒரு ஒட்டுப்பலகைப் பட்டையை ஒட்டி மூடினார்கள்.

ஒட்டியது பிடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிச் சொல்வது? பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல, விமானப் பலகைகளையும் நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ தட்டிப் பார்க்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மந்தமான ஓசை வந்தால் தோல் விட்டிருக்கிறது. 2005 மார்ச் 6-ல் கியூபாவின் வரடேரோவிலிருந்து கிளம்பிய ஏர் டிரான்ஸாட்டின் ஏ310 விமானம் நடுவானில் வால் சுக்கானில் பெரும்பகுதியை இழந்தது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. அந்தச் சுக்கானும் சாண்ட்விச்தான். தோல் உட்கூட்டைவிட்டு ஏற்கெனவே பிரிந்திருக்க வேண்டும், அல்லது உட்கூடே முறிந்திருக்க வேண்டும் என்று விசாரணை சொன்னது. தட்டிப் பார்ப்பது மட்டும் போதாது என்ற பேச்சு அதன்பிறகு வலுத்தது.

அல்ட்ராசவுண்டு வைத்தால் இடைவெளி இருப்பது தெரியும். ஆனால் இடைவெளியே இல்லாமல், தொட்டுக்கொண்டிருந்தும் பிடிக்காமல் இருக்கும் பசையை உடைத்துப் பார்க்காமல் கண்டுபிடிக்க நம்பகமான வழி இன்னும் இல்லை. ஒட்டுமுன் மேற்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் படிந்திருந்தாலே இப்படி ஆகலாம். அதனால்தான் தேய்ப்பது, துடைப்பது, கையுறை போடுவது என்று அவ்வளவு ஆசாரம். அத்தனையும் செய்த பிறகும் சில பொறியாளர்கள் ஒட்டிய இணைப்பில் நாலைந்து ரிவெட்டையும் அடித்துவைப்பார்கள். பயந்தாங்கொள்ளி ரிவெட் என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் கேலிப்பெயரே இருக்கிறது.

எங்கள் தச்சர் ஓட்டையைச் சுற்றி உள்ளிருந்த அட்டைக் கூட்டைத் திருப்புளியால் சுரண்டி எடுத்தார். எம்-சீலைப் பிசைந்து குழி நிறைய அடைத்தார். "நாளைக்குக் காலையில வந்து திருகறேன். அதுவரைக்கும் பையை நாற்காலியில வைக்கச் சொல்லுங்க" என்றார்.