மனச்சோர்வுக் குளிசை: தொடங்கும் வாரங்களும் நிறுத்தும் வாரங்களும்

நான் பாமசியில் மருந்து கொடுப்பவன். மனச்சோர்வுக்கான குளிசை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான், அதுவும் குரலைத் தாழ்த்தி, கேட்பார்கள்: "தம்பி, இது பழகிப் போயிடுமோ?"

டயசிபாம் போன்ற குளிசைகளுக்கு ஆட்கள் அடிமையாவது போல இவற்றுக்கு அடிமையாவதில்லை. நாளுக்கு நாள் அளவைக் கூட்டச் சொல்லி உடம்பு கேட்காது. ஆனால் நினைத்த நேரம் நிறுத்தக்கூடிய மருந்துகளும் அல்ல. இந்த இரண்டு விடயங்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், பழகிவிடும் என்ற பயத்தில் பலர் இடையில் சடாரென்று விட்டுவிடுகிறார்கள்.

மருந்துத் துண்டுகளில் நான் அடிக்கடி காண்பவை புளுவோக்செற்றின், செர்ட்ராலின், எஸ்சிற்றலோபிராம், பழைய மருந்தான அமிற்றிப்ரிலின். இவற்றின் பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும். சிலருக்கு 6 வாரங்கள்கூடச் செல்லும். பக்கவிளைவோ அப்படிக் காத்திருப்பதில்லை. வயிற்றுப்பிரட்டல், தலையிடி, ஒருவித படபடப்பு, நித்திரைக் குழப்பம் எல்லாம் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். ஆக, முதல் பத்து நாட்களில் நோயாளி காண்பது கரைச்சலை மட்டும்தான். "எனக்கு ஒத்துவரேல்லை" என்று குளிசையை அலுமாரிக்குள் போடுவதும் அந்தப் பத்து நாட்களுக்குள்தான். பெரும்பாலான இந்தத் தொல்லைகள் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் வயிற்றுப்பிரட்டல் குறையும். புளுவோக்செற்றின் நித்திரையைக் குழப்பக்கூடியது என்பதால் காலையில் எடுக்கச் சொல்வார்கள். அமிற்றிப்ரிலின் நித்திரை தருவது, அதனால் இரவில்.

25 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் வீட்டுக்காரர் முதல் வாரங்களில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். சிலருக்கு மனம் தெளிவதற்கு முன்பே அமைதியின்மை கூடி, உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறுவர்களுக்காக விடுத்த எச்சரிக்கையை 2007இல் 24 வயதுவரை நீடித்தது இதனால்தான். இது மருந்தே வேண்டாம் என்பதற்கான எச்சரிக்கை அல்ல. தனியே விடாதீர்கள், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். இன்னொன்று: திடீரென்று நித்திரையே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு காசைச் செலவழித்துத் திரிந்தால், "சுகமாகிவிட்டது" என்று மகிழவேண்டாம். அது இருமுனை மனநோயின் மறுபக்கமாக இருக்கலாம்.

நிறுத்துவதற்கு வருவோம். சுகம் தெரிந்த பின்னும் குறைந்தது 6 மாதங்களாவது தொடரவேண்டும்; திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் கூடுதலான காலம். பிறகு வைத்தியர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். சடுதியாக விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வு வரும். வென்லபக்சின், பரொக்செற்றின் போன்றவை உடம்பை விட்டு விரைவாக வெளியேறுவதால் அவற்றில் இது மோசம்; புளுவோக்செற்றின் மெதுவாக வெளியேறுவதால் குறைவு. அதனால் கிளினிக் நாளுக்கு ஒரு கிழமை முன்பே கையிருப்பை எண்ணிப் பாருங்கள். ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடவேண்டாம்.

எனக்கு அதிகம் பயம் தருவது, வேறு மருந்துகளோடு சேரும்போது நடப்பதுதான். முழங்கால் நோவுக்கு ஒரு வைத்தியர் ரமடோல் எழுதியிருப்பார். மனச்சோர்வுக் குளிசை பற்றி அவருக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை இறுக்கம், குழப்பம் வரக்கூடும். வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். டெக்ஸ்ரோமெதோர்பன் உள்ள இருமல் பாணியிலும் இந்த ஆபத்து உண்டு. வெளிநாட்டுச் சொந்தங்கள் "இயற்கையானது" என்று அனுப்பும் சென் ஜோன்ஸ் வேர்ட் மூலிகைக் குளிசையும் அப்படித்தான். டைக்குளோபெனக், அஸ்பிரின் போன்றவற்றோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரலாம். சாதாரண நோவுக்குப் பனடோல் பாதுகாப்பானது. வயதானவர்களில், குறிப்பாகப் பிறசருக்கு சிறுநீர் போகும் குளிசையும் எடுப்பவர்களில், இரத்தத்தில் சோடியம் குறைந்து தடுமாற்றம் வரும். வீட்டில் அதை "வயசு போட்டுது" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கிளினிக் கொப்பியை, எந்த வருத்தத்துக்குப் போனாலும், கையோடு கொண்டுபோங்கள்.

சாராயத்தோடு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம்.

வெட்கத்தால் யாரும் கேட்காத ஒன்று, தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவது. புளுவோக்செற்றின் வகை மருந்துகளில் இது பலருக்கு உண்டு, மற்றப் பக்கவிளைவுகளைப் போலத் தானாகப் போய்விடுவதும் இல்லை. சொல்லாமல் மருந்தை விட்டுவிடுபவர்களில் எத்தனை பேருக்கு இதுதான் காரணமோ! அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். வைத்தியருக்கு இது புதிய கதை அல்ல. கர்ப்பம் தரித்தாலும் அப்படியே: தானாக நிறுத்தாமல் உடனே போய்க் கேளுங்கள்.

அமிற்றிப்ரிலின் அளவுக்கு மீறினால் இதயத்தைத் தாக்கும். நோயாளி நம்பிக்கை இழந்திருக்கும் நாட்களில் குளிசைகளை வீட்டில் வேறொருவர் பூட்டி வைத்து அன்றன்றைக்கு உரியதைக் கொடுப்பது நல்லது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிலும் அப்படித்தான். இரவில் தாங்கமுடியாத எண்ணம் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள்.