மறதியும் நமது கடமையும்

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் நேர்மையானவர், உழைப்பாளி. பயிர்க்கடன் தவணைக்குரிய பணத்தை நெல் விற்ற அன்றே தனியே எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். ஆயினும், தவணை நாள் கழிந்து நான்கு நாள் சென்ற பின்னரே சங்கத்துக்கு வருகிறார். "மறந்துவிட்டேன் ஐயா" என்பதைத் தவிர அவர் கூறுவதற்கு வேறொன்றும் இல்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் வழங்கும் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி கிடையாது. அந்தச் சலுகை நாளைப் பொறுத்தது. மனிதரின் குணத்தைப் பொறுத்ததன்று. ஆகவே, பணம் இருந்தும், செலுத்தும் எண்ணம் இருந்தும், ஞாபகம் இல்லாத ஒரே காரணத்தால் அவர் வட்டி கட்ட வேண்டியவராகிறார்.

இத்தகையவரைப் பொறுப்பற்றவர் என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். அவரும் தம்மையே நொந்துகொள்கிறார். உண்மையில் மறதி என்பது குணக்கேடு அன்று. அது மனத்தின் இயற்கை. அந்த இயற்கையை அறிந்து, அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்பவர் நஷ்டத்திலிருந்து தப்புகிறார். "எனக்கு ஞாபகசக்தி அதிகம்" என்று நம்பி வாளாவிருப்பவர் அகப்பட்டுக்கொள்கிறார். இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

கையின் நினைவும் கணக்கின் நினைவும்

தறியில் அமர்ந்த நெசவாளர், எந்த மிதியை முதலில் மிதிப்பது, நாடாவை எவ்வளவு வேகத்தில் எறிவது என்றெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாவிழை அறுந்ததைக் கண்டவுடன் விரல்கள் தாமே முடிச்சிடுகின்றன. பல ஆண்டுகள் தறியைத் தொடாதிருந்தவரும் சிறிது நேரத்தில் பழைய கைவேகத்தைப் பெற்றுவிடுகிறார். அதே நெசவாளரிடம், சென்ற மாதம் சங்கத்தில் எத்தனை சிட்டம் நூலும் எத்தனை மார்க் ஜரிகையும் வாங்கினீர் என்று கேட்டால் தயங்குகிறார். கைக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கக் கணக்குக்கு ஏன் இல்லை?

இதற்கு விடை மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், வலிப்பு நோயால் துன்புற்ற ஓர் இளைஞருக்கு மூளையின் இருபுறத்திலும் ஒரு பகுதியை அகற்றி அறுவைச் சிகிச்சை செய்தனர். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன் பின்னர் நடந்த எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. சற்று முன் பேசிச் சென்ற மருத்துவர் திரும்பி வந்தால், புதியவரைக் காண்பதுபோல் பார்த்தார். பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவத்தின்மீது கோடு வரைதல் அப்பயிற்சி. நாளுக்கு நாள் அவர் கை தேர்ச்சி பெற்றது. ஆனால், அதனை முன்பு ஒருமுறையேனும் செய்த ஞாபகம் அவருக்கு இல்லை! 1962-இல் வெளியான இச்செய்தி, கைத்தொழிலின் நினைவு வேறு, நிகழ்ச்சிகளின் நினைவு வேறு, இரண்டும் மூளையில் வெவ்வேறு வழியாகப் பதிகின்றன என்பதைத் தெளிவாக்கியது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தொழிலில் வல்லவராக இருப்பது, தேதிகளையும் தொகைகளையும் மறவாதிருப்பதற்கு உத்தரவாதமன்று. மறந்துபோவதால் ஒருவர் தொழிலறிவில் குறைந்தவராகிவிடுவதும் இல்லை.

மறதி வரும் வேகம்

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளின் வரிசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, சிறிது காலம் கழித்து மீண்டும் பயின்று, இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று அவர் கணக்கிட்டார். 1885-இல் வெளியான அவரது முடிவுகளின்படி, 20 நிமிடம் சென்ற பின் மிச்சம் சுமார் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34 அளவு. ஒரு மாதம் சென்ற பின் 21. மறதி மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவதன்று. முதல் நாளிலேயே பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடுகிறது. எஞ்சியதே மெதுவாகத் தேய்கிறது.

கதையும் செய்தியும் பொருளுள்ளவை. ஆதலால் நெடுநாள் நிற்கும். தவணைத் தேதி, கடன் எண், நூலின் எடை, உரத்தின் அளவு ஆகியவையோ மனத்துக்குப் பொருளற்ற அசைகளைப் போன்றவையே. சங்கத்தில் கேட்டபோது தெளிவாக இருந்த எண், வீடு வந்து சேருமுன் மங்கிவிடுவது இதனால்தான்.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. திரும்பத் திரும்பப் படிப்பதைக் காட்டிலும், ஏட்டை மூடிவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே பயன் தருவது. 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதனைச் சோதித்துக் காட்டினர். ஒரு பாடத்தை இருமுறை படித்த மாணவர்கள் ஒரு வாரம் சென்ற பின் 42 சதவீதம் கூறினர். ஒருமுறை படித்து, ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் கூறினர். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைப் பிள்ளைகள் பாராமல் ஒப்பிக்க வேண்டியிருந்ததும் இத்தகைய பயிற்சியே.

ஆகவே, பொதுக்குழுக் கூட்டத்துக்குச் சென்று வரும் அங்கத்தினர், அன்றிரவே வீட்டாரிடம் தீர்மானங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தல் நன்று. பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சியில் மருந்தின் அளவைக் கேட்டவர், துண்டுத்தாளை மடித்துவைத்துவிட்டு, "ஒரு கிலோ விதைக்கு எவ்வளவு?" என்று தம்மையே கேட்டுப் பார்க்க வேண்டும். எனினும், மருந்தைக் கலக்கும்போது தாளைப் பார்த்தே கலக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நேர்மையானவர் இருவர், கணக்கு இரண்டு

மறப்பது ஒருபுறமிருக்க, தவறாக நினைவுகூர்வது அதனினும் தொல்லை தருவது. 1932-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் பிரடரிக் பார்ட்லெட் இதனை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களைப் படிக்கச் செய்து, பின்னர் வெவ்வேறு காலங்களில் அதனை எழுதும்படி கேட்டார். கதையில் வந்த தோணி, அவர்கள் எழுத்தில் சாதாரணப் படகாயிற்று. சீல் என்னும் கடல் விலங்கை வேட்டையாடச் சென்றவர்கள், மீன் பிடிக்கச் சென்றவர்கள் ஆயினர். எவரும் பொய் கூறவில்லை. தமக்குப் பழக்கமானதைக் கொண்டு மனம் இடைவெளிகளை நிரப்பிவிட்டது. நிரப்பியதையும் உண்மை நினைவென்றே நம்பிற்று.

சங்கங்களில் எழும் பல பூசல்களுக்கு இதுவே வேர். நெசவாளர் இத்தனை சேலை கொடுத்தேன் என்கிறார். சங்கத்தார் அதில் ஒன்று குறைவு என்கின்றனர். ஒருவர் பொய்யர் என்று மற்றவர் எண்ணத் தொடங்கினால், நம்பிக்கையின்மீது நிற்கும் கூட்டுறவு ஆட்டங்காண்கிறது. இருவரும் நேர்மையானவராகவே இருக்கலாம். அதனால்தான் கொடுத்ததையும் வாங்கியதையும் அங்கத்தினரின் பாஸ் புத்தகத்திலும் சங்கத்தின் பேரேட்டிலும் அப்போதைக்கப்போது பதிய வேண்டும் என்கிறோம். பதியுமாறு கேட்பதை அவநம்பிக்கை என்று எவரும் கருதலாகாது. நட்பைக் காப்பது அதுவே.

செய்ய வேண்டியதை நினைத்தல்

நடந்ததை நினைப்பது ஒரு வகை. இனிச் செய்ய வேண்டியதை உரிய வேளையில் நினைப்பது மற்றொரு வகை. நம் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தவணை செலுத்த வேண்டும் என்பதை நம் அங்கத்தினர் அறியாதவர் அல்லர். அந்த நாளில், அந்த வேளையில் அது அவர் மனத்தில் எழவில்லை, அவ்வளவே.

இவ்விஷயத்தில் நம் முன்னோர் கையாண்ட முறை வியக்கத்தக்கது. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்றனர். தேதியை மட்டும் கூறி விடாமல், காலத்தோடும் விழாவோடும் வேலையைப் பிணைத்தனர். ஆடிப் பதினெட்டு வருவதை எவரும் மறப்பதில்லை, ஊரே நினைவூட்டுகிறது. அதனோடு கட்டிய வேலையும் மறப்பதில்லை. இக்கால ஆராய்ச்சியாளரும் இதனையே கூறுகின்றனர். ஜெர்மனி நாட்டு உளநூல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையில், 'இதைச் செய்வேன்' என்று பொதுவாக உறுதிகொள்வதைவிட, 'இந்த நிகழ்ச்சி நேரும்போது இதைச் செய்வேன்' என்று காலத்தையும் இடத்தையும் குறித்து உறுதிகொள்வோரே சொன்னதைச் செய்து முடிக்கின்றனர் என்று விளக்கினார்.

'அடுத்த மாதம் தவணை கட்டுவேன்' என்பது எளிதில் நழுவும். 'நெல் விற்ற பணம் கைக்கு வந்த மறுநாள் காலை, வீட்டுக்குத் திரும்புமுன் சங்கத்தில் கட்டிவிடுவேன்' என்பது நழுவாது. 'நாற்றைக் காலத்தில் பறிப்பேன்' என்பதைவிட, நாற்று விட்ட அன்றே 18 நாள் எண்ணிப் பஞ்சாங்கத்தில் சுழித்துவைப்பது சிறந்தது. குறுகிய கால நெல் இரகங்களுக்கு 18 முதல் 22 நாள் வயதுள்ள நாற்றே ஏற்றது. கைபேசியில் மணி வைப்போரும், அவ்வேலையைச் செய்யக்கூடிய வேளைக்கே வைக்க வேண்டும். வயலில் சேற்றில் நிற்கும்போது ஒலிக்கும் மணி, நிறுத்தப்படுவதற்கே பயன்படும்.

சில காரியங்களில் காலக்கெடு மிகக் குறுகியது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவரின் பயிர் ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர் இடரால் சேதமுற்றால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சேதம் நேர்ந்த மனக்கலக்கத்தில் இவ்விதி நினைவுக்கு வருவது அரிது. ஆதலால், பயிர் நன்றாக இருக்கும்போதே அதனை எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பதே அறிவுடைமை.

ஜக்கார்டு அட்டை கூறும் பாடம்

எழுதிவைப்பதை இழிவாகக் கருதும் அன்பர்கள், தம் தறியை நிமிர்ந்து பார்க்க வேண்டும். கரையிலும் முந்தியிலும் அன்னமும் மயிலும் வருவதற்கு, எந்த ஊடைக்கு எந்தப் பாவிழை எழ வேண்டும் என்ற கணக்கு ஆயிரக்கணக்கில் உண்டு. அதனை எந்த நெசவாளரும் தலையில் சுமப்பதில்லை. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு செம்மைப்படுத்திய கருவியில், அட்டைகள் அதனைச் சுமக்கின்றன. துளை உள்ள இடத்தில் இழை எழுகிறது. துளை இல்லாத இடத்தில் எழுவதில்லை. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டை கணக்கை வைத்துக்கொள்வதால், நெசவாளரின் மனம் இழையின் சீரிலும் நெசவின் நெருக்கத்திலும் நிலைக்கிறது. அட்டையை நாடியதால் அவர் கலை குறைந்துவிடவில்லை.

குடும்பத்துக்கும் இத்தகைய அட்டை வேண்டும். வணிகரும் துபாஷியுமாகிய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், சரக்குப் போனதும், ஊரில் நிகழ்ந்ததும் அதில் இடம்பெற்றன. அக்காலத்துப் புதுச்சேரியின் அன்றாட வாழ்வை நாம் இன்று அறிவது அவர் எழுதிவைத்ததால்தான். நாம் அவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். அதில் கீழ்க்கண்டவை இருத்தல் வேண்டும்:

1. சங்கத்தில் அங்கத்தினர் எண், பங்குத் தொகை, கடன் எண், தவணை நாள்.
2. காப்பீடு, சேமிப்பு ஆகியவற்றின் விவரமும், வாரிசாக யாரை நியமித்திருக்கிறோம் என்பதும்.
3. பத்திரங்கள், பட்டா, இரசீதுகள் ஆகியவை வீட்டில் எங்கே உள்ளன என்பது.
4. நாம் கொடுத்த கைமாற்றும் வாங்கிய கைமாற்றும்.
5. விதைத்த நாள், இரகம், இட்ட உரம், தெளித்த மருந்து. நெசவாளராயின், வாங்கிய நூல், கொடுத்த துணி, பெற்ற கூலி.

இந்நோட்டுப் புத்தகம் இருக்குமிடம் மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத் தலைவர் ஒருவர் திடீரென மறைந்தால், துக்கத்தோடு துக்கமாக, அவர் நினைவில் மட்டும் இருந்த கணக்குகளும் மறைந்துவிடுகின்றன. கட்டிய காப்பீடு கேட்பாரற்றுக் கிடக்கிறது. அடைத்த கடனுக்கு இரசீது கிடைப்பதில்லை. கணவர் பெயரில் என்ன இருக்கிறது என்றே அறியாத பெண், அலுவலகம் அலுவலகமாக நடக்கிறாள். மாதம் கால் மணி நேரம் செலவிட்டிருந்தால் அத்துன்பத்தைத் தவிர்த்திருக்கலாம்.

இங்கே ஒரு சொல். பெயர் சட்டென்று நாவில் வாராமை, சாவியை வைத்த இடம் மறத்தல் ஆகியவை எல்லோருக்கும் உள்ளவை. உறக்கம் குறைந்தாலும் கவலை மிகுந்தாலும் இவை பெருகும். நாள்தோறும் நடந்த தெருவிலேயே வழி தவறுவதும், பழகிய வேலையின் முறையே குழம்புவதும் அவ்வாறு அல்ல. முதுமையின் இயல்பென்று அவற்றைத் தள்ளிவிடாமல், அத்தகைய பெரியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சங்கத்தின் பங்கு

நினைவூட்டல் தனிமனிதரின் வேலை மட்டுமன்று. தவணை நாள்களை அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதுதல், எழுத்தறியா அங்கத்தினருக்கு வாய்மொழியாக உரைத்தல், நூல் கொடுக்கும் நாளிலேயே அடுத்த தவணையையும் பாஸ் புத்தகத்தில் குறித்தல் ஆகியவை சங்கத்துக்குச் செலவில்லாத சேவைகள். அண்டை வீட்டாருக்கு, "நாளை கடைசி நாள்" என்று ஒரு வார்த்தை கூறுவதும் கூட்டுறவே. ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டுவதற்காகத்தானே நாம் சங்கமாகச் சேர்ந்திருக்கிறோம்!

அன்பர்களே, இவ்விதழைக் கீழே வைக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அடுத்த தவணை நாள் எது? நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். பின்னர் பாஸ் புத்தகத்தை எடுத்துச் சரிபாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் மகிழ்ச்சி. ஒத்திராவிடின், நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியை இன்றே எழுதிவிடுங்கள்.