பார்லி தண்ணீரும் அக்காளின் வாய்ப்புண்ணும்

கூலிமில் எங்கள் வீட்டில் யாருக்கு வாய்ப்புண் வந்தாலும் பாட்டி சொல்வது ஒன்றுதான்: “உடம்பு சூடு. பார்லி தண்ணி குடி.” இடைநிலைப்பள்ளிக் காலம் முழுவதும் அக்காளும் குடித்தார். புண் ஆறும், சில வாரங்களில் மீண்டும் வரும். கூடவே சோர்வு, இரத்தச் சோகை.

கடந்த ஆண்டுதான் காரணம் தெரிந்தது: செலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உள்ளது. இந்நோய் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரியாக எண்ணிப் போர் தொடுக்கின்றன. அதில் சிறுகுடலின் உட்சுவர் சிதைகிறது. இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேர்வதில்லை. மருந்தென்று அக்காள் குடித்த பார்லியிலும் குளூட்டன்தான்!

குடல் நோய்க்கும் வாய்க்கும் என்ன தொடர்பு? உயிர் மருத்துவம் படிக்கும் எனக்கு எழுந்த கேள்வி இது. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன் ஃபின்லாந்து ஆய்வாளர்கள், செலியாக் நோயாளிகளின் கன்னத்து உட்சவ்வில் கோதுமைப் புரதத்தைச் செலுத்திப் பார்த்தனர். அந்த இடத்தில் டி அணுக்கள் பெருகியிருந்தன. குடலில் நடக்கும் போரின் சாயல் வாயிலும் தெரிந்தது.

ஆனாலும் வாயைப் பார்த்து மட்டும் நோயை உறுதிசெய்ய முடியாது. முதலில் இரத்தப் பரிசோதனை. பிறகு பெரும்பாலும் சிறுகுடல் திசுப் பரிசோதனை. இங்கேதான் அக்காள் ஒரு தவறு செய்தார். தோழி சொன்னதைக் கேட்டு முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். அதனால் சில வாரங்கள் மீண்டும் ரொட்டி சாப்பிட்டு, வயிற்று வலியோடு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இது வெள்ளையர் நோய் என்று நினைக்க வேண்டாம். 2015-இல் வெளிவந்த மலேசிய ஆய்வொன்றில், நலமாக இருந்த 562 இளையோரில் 7 பேரின் இரத்தத்தில் இந்நோய்க்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. அவர்களில் இந்தியர்களும் இருந்தனர்.

எல்லா வாய்ப்புண்ணும் செலியாக் அல்ல. ஆனால் அடிக்கடி வரும் புண்ணோடு இரத்தச் சோகையோ தீராத வயிற்றுக் கோளாறோ இருந்தால், மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை உணவை மாற்றாதீர்கள்.

அக்காளுக்கு இப்போது ரொட்டி சானாய் இல்லை. அரிசி, உளுந்தில் சுட்ட தோசை உண்டு. பாட்டியோ கடையில் சோயா சாஸ் போத்தலை என்னிடம் நீட்டுகிறார்: “இதுல கோதும இருக்கான்னு படிச்சுச் சொல்லு!”