மார்புப் படத்தில் ஒரு திட்டு: காசநோயா, புற்றுநோயா?

மூன்று வாரமாக விடாத இருமல். சளியில் லேசாக ரத்தம். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் வெள்ளையாக ஒரு திட்டு. நம் ஊரில் உடனே நினைவுக்கு வருவது டி.பி.தான். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆனால் இந்த இருமலும் ரத்தமும் மெலிவும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உண்டு.

ஆறு மாதத்தில் என்ன ஆகும்?

சளியில் கிருமி தென்படாவிட்டாலும், படத்தை மட்டும் வைத்துக் காசநோய் மாத்திரை தொடங்குவது உண்டு. வழக்கமான சிகிச்சைக் காலம் ஆறு மாதம். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதைப் பார்த்து ‘மருந்து வேலை செய்கிறது’ என்று வீட்டார் தெம்பாக இருப்பார்கள். அது மாத்திரையின் சாயம், அவ்வளவுதான். உள்ளே இருப்பது புற்று என்றால், அறுவை சிகிச்சையில் அகற்றியிருக்கக்கூடிய கட்டி அதற்குள் எலும்புக்கோ மூளைக்கோ பரவிவிடலாம். மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் ஆகியும் இருமல் குறையவில்லை, எடை ஏறவில்லை என்றால் ‘கோர்ஸ் முடியட்டும்’ என்று காத்திருக்காதீர்கள். புகைபிடிக்கிறவர்கள் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. புகையைத் தொடாத பெண்களுக்கும் இந்தப் புற்று வருகிறது. இரண்டு நோயும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு.

இல்லாத புற்றுக்குச் சிகிச்சை

தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. கழுத்தில் நெறி கட்டுவது காசநோயாலும் வரும், லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றாலும் வரும். பெட் ஸ்கேனில் காசநோய்ப் புண்ணும் புற்றைப் போலவே ஒளிரும்.

ஸ்கேன் மட்டுமல்ல, ஆய்வக அறிக்கையும் ஏமாற்றலாம். 2019இல் கேரளத்தில் ஒரு பெண்ணுக்கு, மார்பகப் புற்று என்று சொன்ன தனியார் ஆய்வகத்தின் அறிக்கையை நம்பிக் கீமோதெரபி கொடுத்துவிட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தின் முடிவு பிறகுதான் வந்தது: புற்று இல்லை. அதற்குள் அவருடைய தலைமுடி கொட்டிவிட்டது. சில நாள் பொறுத்திருந்தால் அந்த மருந்து அவர் உடம்பில் ஏறியே இருக்காது. இதை எண்ணும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்

சந்தேகமுள்ள இடத்திலிருந்து எடுத்த சதைத் துணுக்கை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பயாப்சி. எந்த ஸ்கேனும் இதற்கு ஈடாகாது. காசநோய்க் கிருமி இருக்கிறதா என்றும் அதே சதையில் சோதிக்கலாம். அதற்கு ஒரு துண்டை ஃபார்மலினில் போடாமல் தனியாக அனுப்ப வேண்டும்.

விரல்நுனி அளவுள்ள அந்த மெழுகுக் கட்டைக்கு ‘பிளாக்’ என்று பெயர். கண்ணாடி ஸ்லைடுகளோடு அதையும் கேட்டு வாங்கி, வேறொரு மருத்துவமனையில் காட்டலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில், வெளியிலிருந்து வரும் ஸ்லைடுகளை மறுபடி பார்த்துச் சொல்கிறார்கள். டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம்; நல்ல மருத்துவர்கள் தாங்களே அனுப்பிவைப்பார்கள்.

கீமோவுக்கு நாள் குறிக்கும்போதும், சளியில் கிருமி காணாமலே டி.பி. மாத்திரை எழுதும்போதும் தயங்காமல் கேளுங்கள்: “பயாப்சி பார்த்தாச்சா டாக்டர்?”