வில்லியம் மாரிஸின் பூக்கள்: அன்றும் இன்றும்

தேநீர்க் கோப்பை, குடை, கைப்பை, சமையலறைத் துண்டு, கொரோனா காலத்தில் முகக்கவசம். எதில் அச்சிட்டாலும் விற்கிறது அந்தப் படம்: கருநீலப் பின்னணி, பூவும் கொடியும், நடுவே ஸ்ட்ராபெரிப் பழத்தை அலகில் கவ்விய பறவை. 'ஸ்ட்ராபெரித் திருடன்' என்ற பெயரில் ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1883-இல் வடிவமைத்த திரைச்சீலைத் துணி அது. கெல்ம்ஸ்காட் கிராமத்தில் அவர் வீட்டுத் தோட்டத்துப் பழங்களைத் திருடித் தின்ற த்ரஷ் பறவைகள்தான் அதற்குத் தூண்டுதல். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படத்தைக் கணினியில் ஏற்றித் துணி துணியாக அச்சடித்துக்கொள்ளலாம்.

அன்று அந்தத் துணி பிறந்த விதமே வேறு. லண்டனின் தெற்கே மெர்ட்டன் என்ற ஊரில், வாண்டில் ஆற்றங்கரையில், 1881-இல் மாரிஸ் தன் பட்டறையை அமைத்தார். அவுரித் தொட்டியில் முக்கிய துணி வெளியே வரும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் படப்பட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகிவிடும். முழுத் துணியையும் இப்படி நீலமாக்கிய பிறகு, வேண்டிய இடங்களில் மரக்கட்டையால் வெளுப்பு மருந்தை ஒற்றி நீலத்தை எடுப்பார்கள். பாதி எடுத்தால் வெளிர்நீலம், முழுக்க எடுத்தால் வெள்ளை. அப்புறம் மஞ்சிட்டி வேரின் சிவப்பு, வெல்ட் என்னும் செடியின் மஞ்சள். வெளிர்நீலத்தின் மேல் மஞ்சள் ஏறிய இடம் பச்சை இலையாகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே அலசி உலர்த்த வேண்டும்; ஒரு துணி முடியப் பல நாட்கள் பிடிக்கும். அவுரி நீலத்தோடு சிவப்பையும் மஞ்சளையும் இந்த முறையில் சேர்த்து அவர் வெற்றி கண்ட முதல் துணி இதுதான்.

ஏன் இத்தனை பாடு? 1856-இல் வேதியியலாளர் பெர்கின் கண்டுபிடித்த ஊதா நிறத்தைத் தொடர்ந்து செயற்கைச் சாயங்கள் சந்தையை நிறைத்திருந்த காலம் அது. அந்தச் சாயங்களின் பளபளப்பும், அவை வெளிறிப்போகும் விதமும் மாரிஸுக்குப் பிடிக்கவில்லை. லீக் என்ற ஊரில் தாமஸ் வார்டில் நடத்திய சாயப்பட்டறைக்குப் போய், 1875 முதல் பழைய சாய முறைகளைத் தானே தொட்டியில் கைவிட்டுக் கற்றார். கைகளில் ஏறிய நீலம் லேசில் போகவில்லை. அப்போதே அவர் பெயர் பெற்ற கவிஞர், வசதியான வீட்டுப் பிள்ளை. எந்தப் பொருளையும் தன் கையால் செய்து பார்க்காமல் அடுத்தவரைச் செய்யச் சொல்லாத மனிதர். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இந்தக் குணத்தைத்தான்.

ஆனால் இப்படிச் செய்த துணியைச் சாமானியர் வாங்க முடியாது. இரும்பாலை அதிபர் லோதியன் பெல்லின் மாளிகையை அலங்கரித்துக்கொண்டிருந்தபோது, பணக்காரர்களின் ஆடம்பரத்துக்கு ஊழியம் செய்தே தன் வாழ்நாள் போகிறதே என்று அவரிடமே பொரிந்து தள்ளினாராம் மாரிஸ். அந்தக் கோபம் அடங்கவில்லை. 1883-இல் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தார். தெருமுனைகளில் நின்று பேசினார், பத்திரிகை நடத்தினார்.

இன்று அதே பூக்கள் சில பவுண்டுக்குக் கிடைக்கின்றன. அவர் ஆசை நிறைவேறிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோர் வீட்டிலும் அழகு இருக்க வேண்டும் என்பது அவர் கேட்டதில் பாதிதான். அந்த அழகைச் செய்கிறவர் செய்யும்போதே மகிழ வேண்டும் என்பது மறுபாதி. கோப்பையை வாங்குகிற நாம், அதைச் செய்தவர் யார், என்ன கூலி பெற்றார், எப்படிப்பட்ட கூரையின் கீழ் வேலை செய்தார் என்று கேட்பதில்லை. மெர்ட்டனில் வெளிச்சமும் மரங்களும் தோட்டமும் இருந்தன. மாரிஸின் கொட்டகைகள் இன்று இல்லை. பக்கத்தில் லிபர்ட்டி நிறுவனம் துணி அச்சிட்ட கட்டடங்கள் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறியிருக்கின்றன. அவருடைய நிறுவனம் 1940-இல் மூடப்பட்டது. அச்சுக்கட்டைகளும் பெயரும் சாண்டர்சன் நிறுவனத்தின் கைக்குப் போயின.

அவரிடம் கறையே இல்லை என்று சொல்லவும் முடியாது. குடும்பச் சொத்து டெவன் கிரேட் கான்சால்ஸ் என்ற தாமிரச் சுரங்கப் பங்குகளிலிருந்து வந்தது. பின்னாளில் அந்தச் சுரங்கம் ஆர்சனிக்கை ஏராளமாக எடுத்து விற்றது. 1875 வரை மாரிஸ் அதன் இயக்குநர்களில் ஒருவர். அவருடைய ஆரம்பகாலச் சுவர்த்தாள்களின் பச்சையிலும் ஆர்சனிக் இருந்தது. 2003-இல் வெளிவந்த சோதனை முடிவு அதை உறுதிசெய்தது. தாளால் நோய் வருகிறது என்ற மருத்துவர்களின் பேச்சை 1885-இல்கூட அவர் நம்ப மறுத்தார். உழைப்பவருக்காக அவ்வளவு பேசியவர் இதில் கண்ணை மூடிக்கொண்டது எனக்கு வருத்தம்தான்.

முழுதாக வென்ற ஒன்றும் உண்டு. பழைய தேவாலயங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சுரண்டி எடுத்தவர்களுக்கு எதிராக 1877-இல் அவர் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. பழையதைப் பழுதுபார், புதிதாக்காதே என்று அன்று அவர் சொன்னதை இன்று பழங்கட்டடப் பாதுகாப்பில் ஈடுபடுகிறவர்கள் பாலபாடமாகவே கற்கிறார்கள்.

கடைசி வருடங்களில் அவர் மனம் புத்தக அச்சில் இருந்தது. 1891-இல் கெல்ம்ஸ்காட் அச்சகம் தொடங்கி, 1896-இல் இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்புகளை 87 படங்களுடன், தாளில் 425 பிரதிகள் கைப்பொறியில் அச்சிட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் இறந்தார். சாசரை அச்சிட்ட பொறி பிறகு ஆஷ்பி என்பவரின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்துக்கும், அங்கிருந்து கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் பொறுப்புக்கும் வந்தது. இலங்கையில் கைவினைஞர்களின் தொழில் காலனி ஆட்சியில் நசிவதைக் கண்ணால் கண்டு, அவர்களுடைய வேலைமுறைகளை ஊர் ஊராகக் குறித்துவைத்தவர் அவர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக அது 1908-இல் அதே பொறியில் அச்சானது. அதுவும் 425 பிரதிகள்.